ஸாட்டோபெக்கைப் பார்த்து இடைவெளி ஓட்டம் பழகுவது எப்படி

எமில் ஸாட்டோபெக் என்றாலே ஓட்டக்காரர்கள் ஒரு கணக்கைச் சொல்வார்கள்: நூறு நானூறு. 400 மீட்டர் வேக ஓட்டம், ஒரே நாளில் 100 தடவை, காலையில் பாதி, மாலையில் பாதி. 1954-ல் அவர் அப்படியும் பயிற்சி செய்தார். அதைக் கேட்டுவிட்டு மைதானத்துக்குப் போனவர்களில் நானும் ஒருவன். நூறெல்லாம் இல்லை, 20 தான் முயன்றேன், அதுவும் ஓட ஆரம்பித்து ஆறே மாதத்தில். இரண்டாவது வாரமே வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, ஒன்றரை மாதம் நடை மட்டும்தான். அந்த ஒன்றரை மாதத்தில் உட்கார்ந்து அவர் வாழ்க்கையை ஆண்டு வரிசையில் படித்தேன். நான் பிடித்துக்கொண்டது அவருடைய பதின்மூன்றாவது ஆண்டின் எண்ணை, முதல் ஆண்டில் அவர் என்ன செய்தார் என்று பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அதனால் இந்தக் குறிப்பை அவர் வளர்ந்த வரிசையிலேயே எழுதுகிறேன். எங்கே எந்த எண்ணைத் தொடலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பது அப்படிப் பார்த்தால்தான் தெரியும். அவரைத் தெரியாதவர்களுக்கு ஒரே ஒரு தகவல்: 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில், ஜூலை 20 முதல் 27 வரை எட்டு நாளுக்குள், 10,000 மீட்டர், 5,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம். மூன்றிலும் ஒலிம்பிக் சாதனை. ஒரே ஒலிம்பிக்கில் இந்த மூன்றையும் வென்றவர் வேறு யாரும் இல்லை.

முதலில், எங்கிருந்து தொடங்குவது?

ஸாட்டோபெக் 1922 செப்டம்பர் 19 அன்று அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில், மொராவியாப் பகுதியில் கொப்ரிவ்நிட்ஸே என்ற ஊரில் பிறந்தார். அப்பா தச்சர். பதினாறு வயதில் ஸ்லின் நகரத்தில் இருந்த செருப்புத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். நம் ஊர்க் கடைத்தெருவில் பலகை மாட்டியிருக்கிற அதே பாட்டாதான். 1941-ல் தொழிற்சாலையின் விளையாட்டுப் பயிற்சியாளர் நாலு பையன்களைக் கைகாட்டி ஒரு ஓட்டப் பந்தயத்தில் ஓடச் சொன்னார், அதில் இவரும் ஒருவர். எனக்கு உடம்பு பலமில்லை, என்னால் முடியாது என்று மறுத்துப் பார்த்தார். டாக்டரிடம் அனுப்பினார்கள், டாக்டர் நன்றாகத்தான் இருக்கிறாய் என்று திருப்பி அனுப்பிவிட்டார். வேறு வழியில்லாமல் ஓடி, சுமார் நூறு பேரில் இரண்டாவதாக வந்தார். ஓட்டத்தில் அவருக்கு ஆசை வந்ததே அதன் பிறகுதான். அப்போது வயது பதினெட்டு.

நமக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த டாக்டர் பரிசோதனை. நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்கள் இந்தப் பயிற்சியைத் தொடங்கும் முன் ஒரு தடவை காட்டிவிட்டு வாருங்கள். வேக ஓட்டத்தில் இதயத் துடிப்பு சட்டென்று ஏறும், சாதாரண ஜாகிங் மாதிரி இல்லை.

அடுத்தது, நிற்காமல் 30 நிமிடம் பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் இடைவெளி ஓட்டம் பக்கமே வரவேண்டாம், மூன்று மாதம் மெதுவாக ஓடிவிட்டு வாருங்கள். ஸாட்டோபெக்குக்கும் ஆரம்பத்தில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. யான் ஹலூஸா என்ற மூத்த ஓட்டக்காரர் ஸ்லினில் அவரை வழிநடத்தினார். (பின்னாளில் கம்யூனிஸ்ட் அரசு ஹலூஸாவைச் சிறையில் போட்டு யுரேனியச் சுரங்கத்தில் வேலை வாங்கியது. ஸாட்டோபெக் கதையைச் சொல்கிறவர்கள் பலர் இவரை விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தம்.)

இடைவெளி ஓட்டம் என்றால் என்ன?

5 கிலோமீட்டரை உங்களால் முடிந்த அதிக வேகத்தில் ஒரே மூச்சில் ஓடினால், அந்த வேகத்தில் உடம்பு இருக்கும் நேரம் 25 நிமிடமோ 30 நிமிடமோதான். மறுநாள் எழுந்திருக்கவும் முடியாது. அதே வேகத்தை 400, 400 ஆக உடைத்து, நடுவில் 200 மீட்டர் மெதுவாக ஓடி மூச்சைத் திரும்பப் பிடித்தால், அதே தூரத்தை அவ்வளவு சிதையாமல் ஓடி முடிக்கலாம், வாரா வாரம் திரும்பவும் செய்யலாம். கால்களுக்கு அந்த வேகம் பழகும், இதயம் ஏறி இறங்கி ஏறிப் பழகும். இவ்வளவுதான் விஷயம்.

இதை ஸாட்டோபெக் கண்டுபிடிக்கவில்லை. 1930-களிலேயே ஜெர்மனியில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளர், மருத்துவர் ரைண்டெலுடன் சேர்ந்து நாடித்துடிப்பை எண்ணி எண்ணி இதை ஒரு முறையாக்கியிருந்தார். துடிப்பு 180 வரை ஏற வேண்டும், ஒன்றரை நிமிடத்துக்குள் 120-க்கு இறங்க வேண்டும், இறங்கினால்தான் அடுத்த ஓட்டம். அவரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939-ல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடினார்.

ஸாட்டோபெக் போன வழி வேறு. ஆய்வகம் கிடையாது, தன் உடம்பையே வைத்துச் செய்து பார்த்தார். அந்தக் காலத்தில் நீண்டதூர ஓட்டக்காரர் என்றால் நீண்ட தூரம் ஓடிப் பழக வேண்டும் என்பதுதான் பொதுக் கருத்து. மெதுவாக ஓட எனக்கு ஏற்கெனவே தெரியும், நான் கற்க வேண்டியது வேகம், அப்புறம் எதற்கு மெதுவாகப் பழக வேண்டும் என்பது அவர் கேட்ட கேள்வி. நூறு மீட்டர்க்காரன் மாதிரி பயிற்சி செய்கிறாயே, பைத்தியமா என்று சுற்றி இருந்தவர்கள் கேட்டார்கள். 1944-ல் அவர் 2,000, 3,000, 5,000 மீட்டர்களில் செக் தேசியச் சாதனைகளை உடைத்தபோது அந்தப் பேச்சு அடங்கியது.

இப்போது கணக்குக்கு வருவோம். 1948 லண்டன் ஒலிம்பிக் சமயத்தில் அவருடைய ஒரு நாள் பயிற்சி: 200 மீட்டர் 5 தடவை, 400 மீட்டர் 20 தடவை, மறுபடி 200 மீட்டர் 5 தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் 200 மீட்டர் மெதுவோட்டம். வேக ஓட்டம் மட்டும் 10 கிலோமீட்டர், நடுவில் உள்ள மெதுவோட்டத்தைச் சேர்த்தால் கிட்டத்தட்ட 16. இது ஏழு வருடம் ஓடிய ஒரு ராணுவ வீரரின் பயிற்சி. இதன் வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு அளவை மட்டும் சுருக்குவதுதான் நம் வேலை.

முதல் மாதம் வாரத்தில் ஒரு நாள் மட்டும். 15 நிமிடம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்குங்கள், இதைக் குறைக்கவே கூடாது, என் கெண்டைக்கால் போனது இங்கேதான். பிறகு 200 மீட்டர் 2 தடவை, 400 மீட்டர் 4 தடவை, மறுபடி 200 மீட்டர் 2 தடவை. நடுவில் 200 மீட்டர் ஜாகிங். கடைசியில் 10 நிமிடம் மெதுவாக. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரே ஒரு 400-ஐக் கூட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இந்தக் கணக்கில் பத்து 400-க்கு வர மூன்று மாதம் ஆகும். ஆகட்டும். அவருக்கே ஸ்லினில் ஓடிய முதல் பந்தயத்திலிருந்து ஹெல்சின்கி வரை பதினொரு வருடம் ஆனது, நடுவில் 1946-ல் ஆஸ்லோவில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் 5,000 மீட்டரில் ஐந்தாவதாகத்தான் வந்தார்.

வேகம் எவ்வளவு? எல்லோரும் தவறு செய்வது இங்கே. 400 என்றதும் பள்ளி விளையாட்டு விழா மாதிரி முழு மூச்சாகப் பாய்ந்துவிடுவார்கள், மூன்றாவதிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். உங்கள் 5 கிலோமீட்டர் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 30 நிமிடம் என்றால் ஒரு 400-க்கு 2 நிமிடம் 24 விநாடி விழும், பயிற்சியில் 2:15 முதல் 2:20 வரை ஓடினால் போதும். 25 நிமிடக்காரருக்கு 400-க்கு 2 நிமிடம், பயிற்சியில் 1:52 முதல் 1:55. முதல் 400-க்கும் கடைசி 400-க்கும் நாலைந்து விநாடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் நீங்கள் தொடங்கிய வேகம் தப்பு. கடைசி ஓட்டம் முடிந்ததும் இன்னும் ஒன்று ஓடலாம் போல இருக்க வேண்டும், ஆனால் ஓடக் கூடாது.

நடுவில் உள்ள 200 மீட்டரில் நிற்காதீர்கள், இடுப்பில் கை வைத்துக் குனியாதீர்கள். ஸாட்டோபெக் நிற்கவில்லை, மெதுவோட்டமாகத்தான் கடந்தார். என் கண்ணுக்கு அவர் முறையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. களைப்போடு ஓடிக்கொண்டே களைப்பாறப் பழகிய உடம்பு பந்தயத்தில் ஒரு சுற்று வேகம் கூடினால் பதறாது. ஆரம்பத்தில் முடியவில்லை என்றால் நடக்கலாம், நடையும் ஓட்டத்துக்கான இடைவெளிதான். ஒன்றரை நிமிடம் கழித்துக் கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணுங்கள், 30-க்குப் பக்கத்தில் வந்தால் அடுத்ததற்குத் தயார். 40-க்கு மேலேயே நிற்கிறது என்றால் அன்றைக்குப் போதும், வீட்டுக்குப் போங்கள்.

மைதானம் இல்லை, ட்ராக் இல்லை என்று சொல்லாதீர்கள். அவர் ஸ்டாரா போலெஸ்லாவ் ஊரை ஒட்டிய ஹௌஷ்ட்கா காட்டுப் பாதைகளில்தான் நிறைய ஓடினார். வண்டி ஓடாத தெருவில் ஒரு கம்பத்திலிருந்து இன்னொரு கம்பம் வரை போனில் அளந்து வைத்துக்கொண்டால் அதுதான் உங்கள் ட்ராக். நம் வெயிலுக்கு விடியற்காலைதான் சரி, எட்டு மணிக்கு மேல் இந்தப் பயிற்சி வேண்டாம்.

எதைப் பின்பற்றக் கூடாது?

அவரைப் பற்றிய சுவையான கதைகள் பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் வருகின்றன. பனியில் கனமான ராணுவ பூட்ஸ் போட்டு ஓடினார். அதன் பிறகு பந்தயத்தில் ஸ்பைக் (அடியில் ஆணி வைத்த லேசான ஓட்டக் காலணி) போட்டால் கால் இறகு மாதிரி இருந்ததாம். உண்மையாக இருக்கும், ஆனால் அவர் ராணுவத்தில் இருந்தவர், நாள் முழுக்க அதே பூட்ஸில் நடந்த கால் அது. நமக்கு முழங்கால்தான் போகும். மரவரிசையைக் கணக்கு வைத்து, இன்று நாலாவது மரம் வரை, நாளை ஐந்தாவது மரம் வரை மூச்சை அடக்கி நடந்து, கடைசியில் மயங்கி விழுந்தார் என்றும் ஒரு கதை உண்டு. மூச்சை அடக்குவதை யாரும் செய்ய வேண்டாம், அதனால் ஓட்டத்துக்கு ஒரு லாபமும் இல்லை. மனைவி டானாவை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடியதும் அப்படித்தான்.

ஒரு கதையை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். வெளியே போக முடியாத நாளில் குளியல் தொட்டியில் துணியை ஊறப்போட்டு அதன் மேலேயே நின்ற இடத்தில் ஓடினாராம். துவைத்த மாதிரியும் ஆயிற்று. அடைமழை நாட்களில் நான் படிக்கட்டில் இருபது நிமிடம் ஏறி இறங்குகிறேன், அன்று ஓடாத குறை தீர்ந்துவிடுகிறது.

அவர் ஓடும் பாணியையும் பார்த்துப் பழகாதீர்கள், அல்லது பாதியை மட்டும் பாருங்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்து ஆடும், தோள் ஏறி இருக்கும், நாக்கு வெளியே தள்ளும், முகம் யாரோ கத்தியால் குத்தின மாதிரி இருக்கும். ஏன் முகத்தை இப்படி வைத்துக்கொண்டு ஓடுகிறீர்கள் என்று கேட்டால், ஓடவும் சிரிக்கவும் ஒரே நேரத்தில் எனக்குத் திறமை போதாது என்று அவர் பதில் சொன்னார். ஹெல்சின்கி படச்சுருளைப் பார்க்கும்போது கையால் திரையின் மேல் பாதியை மறைத்துவிட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் பாருங்கள். கால் அவ்வளவு சீராக, சிக்கனமாக விழும்.

பந்தயத்தில் எப்படி ஓடுவது?

இதற்கு அவருடைய மூன்று பந்தயங்கள் போதும். முதலாவது 1948 லண்டன் 10,000 மீட்டர். அப்போதைய உலகச் சாதனை பின்லாந்தின் வில்யோ ஹைனோவுடையது, 29:35.4. ஸாட்டோபெக் தரப்பு போட்ட கணக்கு ஒரு சுற்றுக்கு 71 விநாடி. 25 சுற்றால் பெருக்கினால் 29:35 வருகிறது, பாருங்கள். அந்த நேரத்துக்குப் பின்தங்கினால் பார்வையாளர் பகுதியிலிருந்து சிவப்பு பனியனைக் காட்டுவது என்று ஏற்பாடு. ஆரம்பத்தில் அவர் கூட்டத்துக்கு நடுவில் நிதானமாக ஓடினார், சிவப்பு தெரிந்ததும் முன்னே போனார். ஹைனோ நடுவிலேயே விலகிவிட்டார். ஸாட்டோபெக் 29:59.6-ல் முடித்தபோது இரண்டாவதாக வந்த பிரான்ஸின் அலாங் மிமூன் 47 விநாடிக்கு மேல் பின்னால் இருந்தார். நீங்களும் இதைச் செய்யலாம்: பந்தயத்துக்கு முன் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை விநாடி என்று ஒரே ஒரு எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள், அதற்குப் பின்தங்கும்போது மட்டும் கூட்டுங்கள், பக்கத்தில் ஓடுகிறவனுக்காகக் கூட்டாதீர்கள்.

இரண்டாவது அதே லண்டனில் நடந்த 5,000 மீட்டர். மழை, சேறு. பெல்ஜியத்தின் காஸ்டன் ரைஃப் வெகுதூரம் முன்னே போய்விட்டார், ஸாட்டோபெக் கைவிட்ட மாதிரி ஓடினார், கடைசிச் சுற்றில் திடீரென்று பாய்ந்து வந்து 0.2 விநாடியில் தங்கத்தை விட்டார். கூட்டம் இதைக் கொண்டாடியது, நானும் பல தடவை பார்த்து உருகியிருக்கிறேன், ஆனாலும் இது செய்யக் கூடாத ஓட்டம். கடைசியில் அவ்வளவு மிச்சம் இருந்தது என்றால் நடுவில் உள்ள சுற்றுகளில் அது செலவாகவில்லை என்று அர்த்தம். நம்மில் பலருக்கும் 5 கிலோமீட்டரில் மூன்றாவது, நாலாவது கிலோமீட்டர்தான் தூங்கிப்போகும். அதற்கு மருந்து மேலே சொன்ன 400-களில் நடுவில் வருகிறவைதான், முதலும் கடைசியும் யாருக்கும் வரும்.

நாலு வருடம் கழித்து ஹெல்சின்கியில் அதே 5,000 மீட்டரில் அவர் அந்தத் தவறைச் செய்யவில்லை. கடைசிச் சுற்று வரை ஜெர்மனியின் ஷாடே, பழைய மிமூன், பிரிட்டனின் சாட்டவே மூவரையும் ஒட்டியே இருந்தார். மூவரும் அவரைத் தாண்டிப் போனபோதும் விடவில்லை, கடைசி வளைவில் வெளிப்பக்கமாக வந்து நான்காவது இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏறினார். சாட்டவே ட்ராக் ஓரக் கட்டையில் தட்டி விழுந்தார். 14:06.6. சற்று நேரத்தில் டானா ஈட்டி எறிதலில் தங்கம் வென்றார். கணவன் மனைவி இருவரும் ஒரே ஆண்டு ஒரே நாளில் பிறந்தவர்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

மாரத்தானுக்கு இந்த முறை போதுமா என்று சிலர் கேட்கிறார்கள். ஹெல்சின்கி மாரத்தான் அவருக்கு வாழ்க்கையின் முதல் மாரத்தான். உலகின் வேகமான மாரத்தான்காரராக இருந்த பிரிட்டனின் ஜிம் பீட்டர்ஸ் பக்கத்தில் போய், இந்த வேகம் சரிதானா என்று கேட்டார். அவரைக் களைக்க வைக்க நினைத்த பீட்டர்ஸ், மெதுவாகப் போகிறோம் என்றார். ஸாட்டோபெக் அதை நம்பி வேகத்தைக் கூட்டினார், பின்னர் பீட்டர்ஸ் முடிக்காமல் விலக நேர்ந்தது. 2:23:03.2, கிலோமீட்டருக்குச் சுமார் 3 நிமிடம் 23 விநாடி. ஆனால் அவர் தினமும் ஓடிய தூரத்தை மறந்துவிட வேண்டாம், நமக்கு இது பொருந்தாது. மாரத்தானுக்குப் போகிறவர்கள் வார இறுதி நீண்ட ஓட்டத்தை வைத்துக்கொண்டு, இடைவெளி ஓட்டத்தை வாரத்தில் ஒரு நாள் சேர்த்துக்கொண்டால் போதும்.

இது பயிற்சிக் குறிப்பில் சேராது, ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஹெல்சின்கிக்குப் புறப்படும்போது, சக ஓட்டக்காரர் யுங்விர்த்தின் அப்பா அரசியல் கைதி என்பதால் அவரை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று ஸாட்டோபெக் விமானம் ஏறாமல் நின்றுவிட்டார். கடைசியில் இருவரையும் அனுப்பினார்கள். 1968-ல் பிராக் வசந்தம் என்ற, கம்யூனிஸ்ட் ஆட்சியின் கெடுபிடிகளைத் தளர்த்த முயன்ற சீர்திருத்தத்தை ஆதரித்து அறிக்கையில் கையெழுத்திட்டதற்காக ராணுவப் பதவி, கட்சி எல்லாம் போய், நிலத்தில் துளை போடும் குழுவில் வருடக்கணக்கில் உடலுழைப்பு வேலை பார்த்தார். அதற்கு முன்பு 1966-ல், பல உலகச் சாதனைகள் படைத்தும் ஒலிம்பிக் தங்கம் கிடைக்காத ஆஸ்திரேலியரான ரான் கிளார்க் பிராகுக்கு வந்தபோது, ஹெல்சின்கியில் வென்ற 10,000 மீட்டர் தங்கப் பதக்கத்தையே எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டார்.

கடைசியாக, உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்வது? 1950-ல் உணவு நஞ்சாகி மருத்துவமனையில் கிடந்துவிட்டு, வெளியே வந்த கையோடு பிரஸ்ஸல்ஸ் ஐரோப்பியப் போட்டியில் இரண்டு தங்கம் வென்றார் என்று சொல்லி, காய்ச்சலோடு ஓடப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதே ஸாட்டோபெக் 1956-ல் குடலிறக்க அறுவை முடிந்து, போதிய ஓய்வில்லாமல் பயிற்சிக்குத் திரும்பி மெல்போர்ன் மாரத்தானில் ஆறாவதாக வந்ததையும் சேர்த்துப் பாருங்கள். காய்ச்சல் விட்டு முழுதாக ஒரு வாரம் கழிய வேண்டும். அறுவை என்றால் டாக்டர் சொல்லும் நாளுக்கு ஒரு நாள் முன்னால்கூட வேண்டாம். திரும்பி வரும் முதல் நாள் மெதுவோட்டம் மட்டும், இரண்டாவது வாரம் 200 மீட்டர் நாலு தடவை, மூன்றாவது வாரம்தான் முதல் 400. பயிற்சிக் கணக்கு எழுதும் நோட்டில் விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள், புதுப் பக்கம் திருப்பி மறுபடி நாலு 400-ல் இருந்து எழுதுங்கள்.